22 சென்ட்டுக்கு ஒரு புள்ளி

விண்ணிலிருந்து பார்த்தால் பாறை தெரியுமா? நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் வெயிலில் நடந்து பார்த்தபோது...

கணினித் திரையில் அந்த இடம் பளீரென்று வெளுத்திருந்தது. திருச்செங்கோட்டுக்குத் தெற்கே, மார்ச் மாதத்து வறட்சியில் எடுத்த செயற்கைக்கோள் படம். ஆய்வு மாணவி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி இட்டு வைத்திருந்தார். அனார்த்தசைட் என்கிற வெண்பாறை தரைக்கு மேல் தலைகாட்டும் இடமாக இருக்கலாம் என்பது ஊகம். மறுநாள் காலை ஜீப்பிலிருந்து இறங்கி, முள்வேலியைச் சுற்றிக்கொண்டு போய் எட்டிப் பார்த்தால், சிமென்ட் களம் நிறைய மரவள்ளிக்கிழங்கு மாவு காய்ந்துகொண்டிருக்கிறது. ஜவ்வரிசி ஆலை. மாவைக் கிளறிக்கொண்டிருந்த பெண் ஒருவர் நிமிர்ந்து, "ஆருங் வேணும்?" என்றார். பாறையைத் தேடி வந்தோம் என்று சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

கூகுள் எர்த்தில் பெரிதாக்கிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்குமே என்று கேட்கலாம். தெரிந்திருக்கும்தான். ஆனால் முதல் நாள் முழுக்க மாணவி பார்த்துக்கொண்டிருந்தது கூகுள் காட்டும் வண்ணப் புகைப்படத்தை அல்ல. மனிதக் கண்ணுக்கு எட்டாத அலைநீளங்களில் தரை எப்படி ஒளிர்கிறது என்று சொல்லும் எண்களை. அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம் கணக்கில் சுமார் 22 சென்ட். ஒரு ஏக்கர் களம் நாலரைப் புள்ளி. 22 சென்ட் நிலத்தில் ஒரு வேப்பமரம், ஒரு மாட்டுக்கொட்டகை, பாதி வரப்பு, கொஞ்சம் பாறை எல்லாம் இருந்தாலும் செயற்கைக்கோள் அத்தனையையும் கலந்து ஒரே எண்ணாக எழுதிவிடும். குழம்பை ருசித்துப் பார்த்து உள்ளே என்னென்ன போட்டார்கள் என்று கண்டுபிடிப்பதற்கு நிகரான வேலை அந்த எண்ணைப் படிப்பது.

"செயற்கைக்கோள் கனிம வளத்தைக் கண்டுபிடித்தது" என்று செய்தித்தாள்களில் அவ்வப்போது தலைப்பு வரும். சித்தம்பூண்டியில் நாலு நாள் சுற்றியபின் அந்த மாதிரித் தலைப்புகளை என்னால் சிரிக்காமல் படிக்க முடியவில்லை. செயற்கைக்கோள் சந்தேகத்தைக் கிளப்பும். அதைத் தீர்த்துவைக்க யாராவது செருப்பு தேய நடக்க வேண்டியிருக்கிறது.

நிலாவின் உறவுக்காரக் கல்

சித்தம்பூண்டி, பரமத்தி வேலூர் பக்கத்துச் சிற்றூர். அந்தப் பேரை உலகத்து நிலவியலர்களுக்குத் தெரியவைத்தது அங்கே தரைக்கடியில் கிடக்கும் ஒரு பாறைத்தொகுதி. 20 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, வில்போல் வளைந்து, வயல்களுக்கும் ஊர்களுக்கும் அடியில் ஓடுகிறது. வயது 250 கோடி ஆண்டுகளுக்கு மேல். பூமிக்குள்ளே உருகிய குழம்பு மெதுவாக ஆறும்போது, கனத்த கனிமங்கள் கீழேயும் மற்றவை மேலேயும் அடுக்கடுக்காகப் படிந்ததில் பிறந்தது. பிற்பாடு பூமி அதை மடக்கி, நசுக்கி, வேகவைத்துவிட்டது. ஆனாலும் அடுக்குகள் அழியவில்லை.

அதில் பெரும்பங்கு அனார்த்தசைட். கால்சியம் நிறைந்த ஃபெல்ட்ஸ்பார் கனிமமே கிட்டத்தட்ட முழுப் பாறையும். வெள்ளையில் கறுப்புப் புள்ளிகள். அரிசியில் உளுந்து கலந்து கொட்டியதுபோல் இருக்கும். கறுப்பாக இருப்பது ஹார்ன்பிளெண்ட். நடுநடுவே குரோமைட் பட்டைகள் ஓடுகின்றன, சில விரல் கனத்தில், சில மீட்டர் கணக்கில். குரோமியம் குறைவு, இரும்பும் அலுமினியமும் அதிகம் என்பதால் சுரங்கக்காரர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிவப்புக் குருந்தமும் உண்டு. ஆங்கிலத்தில் வழங்கும் 'கொரண்டம்' என்ற பேரே நம் குருந்தத்திலிருந்து போனதுதான்.

1956-ல் ஏ. பி. சுப்பிரமணியம் இந்தத் தொகுதியின் கனிமங்களையும் பாறைகளையும் பற்றி விரிவான ஆய்வுக்கட்டுரை ஒன்றை அமெரிக்க நிலவியல் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்ததே அடுத்த வருடம்தான். அவருக்கும் முன்னால், 1864-ல், வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் சேலம், திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு மாவட்டப் பகுதிகளின் நிலவியல் அமைப்பை எழுதி, இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் நூல்வரிசையில் வெளியிட்டார்கள். பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்தாரே, அதே ஃபூட்தான். இவர்களுக்கெல்லாம் இருந்த தொலையுணர்வுக் கருவி, கரட்டின் உச்சியில் ஏறி நின்று நாலு பக்கமும் பார்ப்பது.

சுப்பிரமணியம் எழுதியபோது, இதே வகைப் பாறை நிலாவின் மேட்டுநிலம் முழுவதும் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 1969-ல் அப்பல்லோ 11 கொண்டுவந்த மண்ணில் இருந்த வெள்ளைத் துணுக்குகளிலிருந்துதான் அந்த எண்ணமே பிறந்தது. 1971 ஆகஸ்டில் அப்பல்லோ 15-ன் டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் ஒரு பள்ளத்தின் ஓரத்தில் வெளிறிய கல் ஒன்றைப் பொறுக்கினார்கள். 269 கிராம். அனார்த்தசைட். அந்தக் கல்லைப் பார்த்ததும் அது என்னவென்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. விமானிகளான இருவருக்கும் அது எப்படித் தெரியும்? லீ சில்வர் என்ற நிலவியல் பேராசிரியர் அவர்களைக் கலிபோர்னியா மலைகளில் மாதக்கணக்கில் நடத்திக் கூட்டிப்போய்ப் பாறை பார்க்கப் பழக்கியிருந்தார்.

நம் ஊரிலும் ஒரு பயிற்சி நடந்தது, யந்திரங்களுக்கு. சந்திரயான் இறங்குகலத்தையும் உலாவியையும் சோதிக்க நிலா மண் வேண்டும். அமெரிக்காவில் அதுபோன்ற மண்ணைச் செய்து விற்கிறார்கள், விலை கட்டுப்படியாகாது. சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறையை சேலம் பக்கத்துக் கிரஷர்களில் அரைத்து, டன் டன்னாகப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். இஸ்ரோவோடு சேலம் பெரியார் பல்கலைக்கழகமும் திருச்சி என்.ஐ.டி.யும் இதில் உழைத்தன. இந்தச் செயற்கை நிலா மண்ணுக்கு 2020-ல் காப்புரிமையும் கிடைத்தது.

ஊரில் இந்தப் பெருமை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர், நாங்கள் கல் உடைப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நெலாவுக்கு இன்னும் பத்தலீங்களா?" என்றார். இவர்கள் வந்தது வேறு வேலைக்கு என்று விளக்கினேன். அனார்த்தசைட் எங்கே முடிகிறது, பக்கத்துப் பாறை எங்கே தொடங்குகிறது என்ற கோட்டைச் சரியாகப் போட வேண்டும், அவ்வளவுதான். "அது எங்க காட்டுக்குள்ள வருதுங்களா?" என்று உடனே கேட்டார். நில எடுப்பு, எரிவாயுக் குழாய், உயர்மின் கோபுரம் என்று அளக்க வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கோடு என்றாலே கிலிதான். பாறைக்குத்தான் கோடு, பட்டாவுக்கு இல்லை என்று சொன்ன பிறகே ஆடுகளைத் திருப்பினார்.

ஒளி எழுதும் கையெழுத்து

பாறையை அடையாளம் காண, செயற்கைக்கோள் சுற்றும் 705 கிலோமீட்டர் உயரத்திலிருந்து என்ன செய்ய முடியும்?

சூரிய ஒளி எதன்மேல் பட்டாலும் கொஞ்சம் உள்ளே போகும், கொஞ்சம் திரும்பி வரும். எந்த அலைநீளம் உள்ளேயே தங்கிவிடுகிறது என்பது கனிமத்தைப் பொறுத்தது. துருப்பிடித்த இரும்பு இருந்தால் 0.9 மைக்ரானுக்குச் சற்றுக் குறைவான இடத்தில் ஒளி பள்ளம் விழும். களிமண் 2.2 மைக்ரானில் விழுங்கும். ஹார்ன்பிளெண்டும் அதன் மெக்னீசிய உறவுகளும் 2.3 மைக்ரானை ஒட்டி விழுங்கும். சுண்ணாம்பு அதற்குச் சற்றுத் தள்ளி. ஒவ்வொரு கனிமத்துக்கும் ஒரு கையெழுத்து.

1972 ஜூலையில் ஏவிய முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளுக்கு இந்தக் கையெழுத்தில் பாதிகூடத் தெரியாது. களிமண்ணும் ஹார்ன்பிளெண்டும் எழுதுகிற அந்த 2 மைக்ரான் பகுதியே அதன் கண்ணில் இல்லை. அடுத்த தலைமுறைக் கருவியைத் திட்டமிட்டபோது பயிர்க்காரர்கள், காட்டுக்காரர்கள் கேட்ட அலைநீளப் பட்டைகள் எல்லாம் முடிவாகிவிட்டன. நிலவியலர்கள் கடைசி நேரத்தில் வந்து, எங்களுக்கும் ஒன்று என்று மல்லுக்கட்டி வாங்கியதுதான் 2.08 முதல் 2.35 மைக்ரான் வரையிலான பட்டை. பட்டைகளை அலைநீள வரிசையில் எண்ணியிருந்தால் அது ஆறாவதாக வந்திருக்க வேண்டும். வெப்பப்பட்டை ஏற்கெனவே 6 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டதால் இது 7 ஆனது. பந்திக்குப் பிந்தி வந்தவருக்கு எங்கேயோ ஓரத்தில் இலை போட்டதுபோல. 1982-ல் லேண்ட்சாட் 4-ல் பறந்தது.

இந்தப் பட்டைகளை அப்படியே பார்ப்பதைவிட ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்ப்பது நிலவியலர்களின் பழைய தந்திரம். கரட்டின் வெயில்படும் பக்கம் பிரகாசமாகவும் நிழல்பக்கம் மங்கலாகவும் தெரியும், பாறை ஒன்றேதான் என்றாலும். வகுத்தால் வெயிலும் நிழலும் அடிபட்டுப் போய், கனிமத்தின் குணம் மட்டும் மிஞ்சும். ஐந்தாம் பட்டையை ஏழால் வகுத்தால் களிமண் மாதிரியான நீர்கொண்ட கனிமங்கள் பளிச்சிடும். மூன்றை ஒன்றால் வகுத்தால் இரும்புத்துரு. செலவே இல்லாத வித்தை, பள்ளிக்கூடத்து வகுத்தல்.

1999 டிசம்பரில் டெர்ரா செயற்கைக்கோளில் ஏறிப்போன ஆஸ்டர் என்ற ஜப்பானியக் கருவிதான் பாறைக்காரர்களுக்கு உண்மையான விருந்து. 14 பட்டைகள். அதில் ஆறு, நிலவியலர்கள் ஏங்கிக் கிடந்த குற்றலை அகச்சிவப்பில். ஐந்து, வெப்ப அகச்சிவப்பில். அந்த ஆறு பட்டைகளும் 2008-ல் பழுதாகிவிட்டன. என்றாலும் அதுவரை எடுத்துக் குவித்த படங்களை வைத்து இன்றும் பட்டம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் மாணவி வைத்திருந்ததும் அவர் தொடக்கப்பள்ளியில் படித்த காலத்துப் படம்தான். பாறை வயதாகாது என்பதால் பரவாயில்லை. அதன்மேல் எழும்பிய கட்டடங்களுக்குத்தான் படத்தில் இடமில்லை.

படத்தின் விலையையும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் ஒரு லேண்ட்சாட் படத்துக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கேட்டார்கள். நம் பல்கலைக்கழகத் துறைகளில் ஒரே படத்தை வைத்துக்கொண்டு நாலு பேர் ஆய்வு செய்தது அதனால்தான். 2008-ல் லேண்ட்சாட் தொகுப்பு இலவசமானது, 2016-ல் ஆஸ்டரும். நம்முடைய ஐ.ஆர்.எஸ். செயற்கைக்கோள் வரிசை 1988 மார்ச்சில் பைக்கனூரிலிருந்து தொடங்கியது. ரிசோர்ஸ்சாட்டின் ஒரு கருவிக்குப் புள்ளி 5.8 மீட்டர், அதாவது ஒரு சென்ட்டுக்கும் குறைவு. அதில் ஜவ்வரிசிக் களமும் பாறையும் கட்டாயம் வேறாகத் தெரியும்.

இனி சித்தம்பூண்டியின் சிக்கலுக்கு வருவோம். ஃபெல்ட்ஸ்பாரின் கையெழுத்து இருப்பது 1.25 மைக்ரானை ஒட்டி. லேண்ட்சாட்டிலும் ஆஸ்டரிலும் அந்த இடத்தில் பட்டையே கிடையாது. ஆக, 'அனார்த்தசைட் தெரிகிறது' என்று படத்தைப் பார்த்துச் சொல்லும்போது, உண்மையில் தெரிவது அதில் கலந்திருக்கும் ஹார்ன்பிளெண்ட். அல்லது வெறும் வெளிச்சம். ஒரே விதிவிலக்கு வெப்பப்பட்டை. சுற்றியிருக்கும் நைஸ் பாறையில் வெங்கச்சங்கல் என்று நாம் சொல்லும் குவார்ட்ஸ் ஏராளம். அனார்த்தசைட்டில் அது கிடையாது. வெப்ப அகச்சிவப்பில் குவார்ட்ஸ் தெளிவாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ஆஸ்டரின் அந்தப் பட்டையில் ஒரு புள்ளி 90 மீட்டர். இரண்டு ஏக்கர். வேலைக்காகும் கண்ணுக்குப் பார்வை மந்தம், கூர்மையான கண்ணுக்கு நிறக்குருடு.

கோழிப்பண்ணையும் சுக்காங்கல்லும்

நாமக்கல்லில் தொலையுணர்வு செய்கிறவருக்கு முதல் எதிரி கோழி.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்த வட்டாரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நீளநீளமாக முட்டைக்கோழிக் கொட்டகைகள். கூரை பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ். அந்த ஓட்டுக்குள் இருக்கும் நார், மெக்னீசியமும் நீர்க்கூறும் கொண்ட கனிமம். அதன் கையெழுத்தும் 2.3 மைக்ரானை ஒட்டியே விழுகிறது. ஓட்டில் மீதி இருக்கும் சிமென்ட் சுண்ணாம்புச் சாயலில் அதே பக்கம் இழுக்கும். பத்துப் பதினைந்து கொட்டகை வரிசையாக நின்றால் படம் அங்கே ஒரு பாறைக்கீற்று ஓடுவதாகச் சத்தியம் செய்யும். சுவடு பிடித்துக்கொண்டு போனால் தீவன மூட்டையில் போய் முட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்தது சுக்காங்கல். இந்த மாதிரி வறண்ட சீமையில் மண்ணுக்குள் இருக்கும் சுண்ணாம்பு மேலே ஏறி, வெள்ளை வெள்ளைக் கட்டியாக இறுகிக் கிடக்கும். உழவர்களுக்குத் தொல்லை, செயற்கைக்கோளுக்கு மயக்கம். அதன் கையெழுத்தும் ஏறக்குறைய அதே இடத்தில். அனார்த்தசைட் மீது ஓரடிக்குச் சுக்காங்கல் போர்த்தியிருந்தால், அடியில் இருப்பதைச் செயற்கைக்கோள் பார்க்கவே முடியாது. ஒளி உள்ளே போகிற ஆழம் தோல் கனம்கூட இல்லை. பாறையின் மேல் படிந்த கற்பாசியோ, வெயில்பட்டுக் கறுத்த மேற்பரப்போ போதும், கையெழுத்து மாறிவிடும். கையில் சுத்தியல் வைத்திருப்பது அதற்குத்தான். தட்டி உடைத்து, புது முகத்தைப் பார்த்தால் ஒழிய பாறைக்குப் பேர் வைக்கக்கூடாது என்பது தொழில் தர்மம்.

மூன்றாவது, பச்சை. மழை பெய்து பத்து நாளில் கொங்கு முழுக்கப் பச்சைப் போர்வைக்குள் போய்விடும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான படங்களைத் தேடுவது அதனால். தென்னந்தோப்பும் சீமைக்கருவேலமும் அந்த மாதங்களிலும் வழிவிடாது.

நிறத்தில் இத்தனை ஏமாற்று இருந்தாலும், வடிவத்தில் செயற்கைக்கோளை அடித்துக்கொள்ள ஆளில்லை. இதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன். தரையில் நிற்பவருக்கு நூறு கிலோமீட்டர் நீளமுள்ள ஒன்று எப்படித் தெரியும்? 1980-ல் எஸ். ஏ. டுருரியும் ஆர். டபிள்யூ. ஹோல்ட்டும் தென்னிந்தியாவின் லேண்ட்சாட் படங்களை விரித்து வைத்துக்கொண்டு, பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கிழக்கே ஓடும் மாபெரும் பிளவு மண்டலங்களை வரைந்தார்கள். மாயாறும் பவானியும் ஏன் அப்படி நேர்கோடாக ஓடுகின்றன என்பதற்கு விடை அந்தப் படங்களில் இருந்தது: பூமித்துண்டுகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த தடத்திலே ஆறு வழி பிடித்துக்கொண்டிருக்கிறது. சித்தம்பூண்டியும் அதே பெரிய மண்டலத்துக்குள் அடங்குகிறது. இந்தத் தழும்பு இரண்டு கண்டத்துண்டுகள் ஒட்டிய தையலா, வெறும் உரசலா என்ற சண்டை இன்றும் ஆய்விதழ்களில் ஓய்ந்தபாடில்லை. சண்டையைத் தொடங்கிவைத்தது படம். அதில் ஒவ்வொரு தரப்பும் நீட்டும் சாட்சியம் தரையிலிருந்து உடைத்தெடுத்த கல்.

கோட்டிலும் ஏமாற்று உண்டு. லேண்ட்சாட் நம் தலைக்கு மேலே போவது காலை பத்து மணி வாக்கில். குளிர்காலத்தில் அப்போது சூரியன் தென்கிழக்கில் நிற்கும். அந்த ஒளிக்குக் குறுக்கே, வடகிழக்கு-தென்மேற்காகப் படுத்திருக்கும் மேடுகள் நிழல் விழுந்து எடுப்பாகத் தெரியும். ஒளியின் போக்கிலேயே படுத்திருப்பவை மறைந்துவிடும். அதை மறந்து கோடு போட்டால், பூமியின் பிளவையல்ல, சூரியன் நின்ற திசையை வரைந்திருப்போம். 2000-ல் விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் அளந்த உயரத் தரவு கிடைத்த பின் இதற்கு மாற்று வந்தது. கணினியில் சூரியனை விரும்பிய திசையில் நிறுத்திக்கொள்ளலாம்.

போர்வெல் போட நீரோட்டம் பார்க்க வருகிறவர்கள் செயற்கைக்கோள் படத்திலிருந்து உருவிய கோடு ஒன்றைக் காட்டி, இங்கே தண்ணீர் உறுதி என்பார்கள். கோடு பாறைப் பிளவாக இருந்தால் தண்ணீர் வர வாய்ப்பு உண்டு. அதே கோடு வாய்க்காலாக, பழைய வண்டித்தடமாக, மின்பாதைக்கு வெட்டிய இடைவெளியாகவும் இருக்கலாம். பிளவாகவே இருந்தாலும் களிமண் அடைத்திருந்தால் சொட்டு வராது. என் சொந்தக்காரர் ஒருவர் அப்படி ஒரு கோட்டை நம்பி 900 அடி இறக்கி, புழுதியைக் குடித்துவிட்டு வந்தார். கோட்டைக் காட்டியவர் ஒரு முறையாவது அந்தக் காட்டில் நடந்து பார்த்தாரா என்று கேட்டேன். போனில்தான் அனுப்பினாராம்.

கிணற்று மேட்டுச் சாட்சி

மூன்றாம் நாள் நடை. நிலவியல் வரைபடத்துக்கு நடப்பதில் ஒரு முறை இருக்கிறது. பாறை அடுக்கு ஓடுகிற திசையிலேயே நடந்தால் நாள் முழுக்க ஒரே பாறையைத்தான் பார்ப்போம். குறுக்கே நடக்க வேண்டும். ஒரு குறுக்கு முடிந்ததும் தள்ளிப்போய் இன்னொரு குறுக்கு. பாறை தலைகாட்டும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, ஜி.பி.எஸ்.ஸில் இடத்தைக் குறித்து, காம்பஸ் வைத்து அடுக்கு எந்தத் திசையில் ஓடுகிறது, எந்தப் பக்கம் எத்தனை டிகிரி சாய்கிறது என்று அளந்து, உடைத்து, கைலென்ஸில் பார்த்து, பையில் போட்டு எண் எழுத வேண்டும். குரோமைட் பட்டைகளுக்குப் பக்கத்தில் காம்பஸைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்கிறார்கள். இரும்பு அதிகமுள்ள பாறை முள்ளை இழுக்கும்.

பாறையே தெரியாத செம்மண் காட்டில் என்ன செய்வது? முதலில் எனக்குப் புரியவில்லை, ஏன் எல்லோரும் கிணறுகளைத் தேடிப் போகிறார்கள் என்று. தண்ணீர் குடிக்க என்று நினைத்தேன். கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு மேடு இருக்கும். தோண்டும்போது வெடி வைத்து உடைத்து மேலே இழுத்துக் கொட்டிய கல். அறுபது, எழுபது அடி ஆழத்திலிருந்து வந்த, வெயிலே படாத புத்தம்புதுக் கல். பாசி இல்லை, சுக்காங்கல் இல்லை. கொங்குநாட்டு உழவர்கள் பரம்பரை பரம்பரையாகத் தண்ணீருக்காகக் குடைந்த கிணறுகள், நிலவியலருக்கு யாரோ காசு செலவழித்துப் போட்டுக்கொடுத்த ஆழ்துளைச் சோதனைகள். கிணற்றின் சுவரை எட்டிப் பார்த்தால் அடுக்கின் சாய்வுகூடத் தெரியும். எந்தச் செயற்கைக்கோளுக்கும் கிட்டாத காட்சி. போர்வெல் வந்தபின் கிணறு வெட்டுகிறவர்கள் அருகிவிட்டார்கள், பழைய கல்மேடுகளும் ஜல்லியாகப் போய்க்கொண்டிருக்கின்றன. இந்தக் கவலையை எங்கும் யாரும் எழுதிப் பார்த்ததில்லை, நான் எழுதி வைக்கிறேன்.

ஒரு தோட்டத்தில், படத்தின்படி நைஸ் இருக்க வேண்டிய இடம், கிணற்று மேட்டில் வெள்ளைக் கல்லாகக் கிடந்தது. மாணவி ஒன்றை உடைத்தார். அரிசியும் உளுந்தும். இன்னொன்று. அதேதான். "அம்மணி, அந்தக் கல்லு ஒடையவே ஒடையாது, வெடிக்கே மசியல" என்று தோட்டத்து அம்மா சொன்னார். எத்தனை அடியில் வந்தது என்று கேட்டதற்கு, "பத்தடிக்கு மண்ணு, அப்பறம் கடேசி மட்டும் இதேதானுங்" என்றார். அதாவது அனார்த்தசைட்டின் எல்லை, படம் சொன்ன இடத்துக்கு வெளியே இன்னும் தள்ளிப்போகிறது. எவ்வளவு தள்ளி என்பதை அடுத்த கிணறு சொல்ல வேண்டும். அடுத்த கிணற்றில் பட்டை பட்டையாக நைஸ். இரண்டு கிணற்றுக்கும் நடுவில் எங்கேயோ எல்லை.

இதே பாறையைத் தேடுகிறவருக்கு நிலாவில் இந்தத் தொல்லைகள் இல்லை. அங்கே கோழிப்பண்ணை கிடையாது, தென்னை கிடையாது, காற்றே கிடையாது. 1.25 மைக்ரானின் பள்ளத்தை ஜப்பானின் ககுயா விண்கலம் அங்கே பல இடங்களில் தெளிவாகப் பார்த்தது. தூய அனார்த்தசைட் நிலாவில் பரவலாக இருப்பதை 2009-ல் வெளியிட்டார்கள். சந்திரயான்-1 சுமந்துபோன கருவிகளும் இந்தக் கையெழுத்துகளைப் படித்தன. அப்படிப் படிப்பதற்குப் பழக, கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய அனார்த்தசைட்டை ஆய்வகத்தில் வைத்து ஒளிக்கோலம் எடுக்க வேண்டியிருந்தது. சித்தம்பூண்டிக் கல் அதற்கும் பயன்பட்டது. ஒரு குறையைச் சொல்லாமல் விடக்கூடாது: நம் கல்லில் ஹார்ன்பிளெண்ட் இருக்கிறது, ஹார்ன்பிளெண்டுக்குள் நீர்க்கூறு இருக்கிறது. நிலாவின் அனார்த்தசைட்டில் அது கிடையாது. உறவுதான், ஒரே ஜாடை இல்லை.

நிலாவில் இல்லாதது கால். நிலவியல் படித்து அங்கே நடந்தவர் இன்றுவரை ஒருவர்தான், 1972-ல் அப்பல்லோ 17-ன் ஹாரிசன் ஷ்மிட். சாம்பல் நிறத் தரையில் அவர் காலால் கிளறியதும் ஆரஞ்சு நிற மண் எட்டிப்பார்த்தது, பழைய எரிமலையின் கண்ணாடித்துளி. அதன்பின் ஐம்பது வருடம் கழித்து, 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3-ன் பிரக்யான் உலாவி தென்துருவத்துப் பக்கம் இறங்கி 103 மீட்டர் தூரத்துக்குள் 23 இடங்களில் நின்று மண்ணின் வேதிப்பொருட்களை அளந்தது. வந்த விடை, இரும்பு கலந்த அனார்த்தசைட்டின் கலவையை ஒத்தது. மேலிருந்து பார்த்தவர்கள் பல காலமாகச் சொன்னதை 26 கிலோ எடையுள்ள ஆறு சக்கர வண்டி தரையில் நின்று ஆமோதித்தது. 103 மீட்டர் என்பது லேண்ட்சாட் கணக்கில் மூன்றரைப் புள்ளி. எங்கள் மாணவி அந்த ஒரு காலையில் நடந்தது ஏழு கிலோமீட்டர்.

சாயங்காலம் ஊர்ச்சாவடித் திண்ணையில் உட்கார்ந்து அவர் வரைபடத்தை விரித்தார். 50 ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவை. ஒரு சென்டிமீட்டருக்கு 500 மீட்டர். அரை மில்லிமீட்டர் பென்சில் கோடே தரையில் 25 மீட்டர் அகலம், ஏறத்தாழ ஒரு லேண்ட்சாட் புள்ளி. வரைபடத்தில் எல்லைக்கோடு இரண்டு விதமாக வரும். கண்ணால் பார்த்த இடத்தில் முழுக்கோடு. பார்க்காமல் ஊகித்த இடத்தில் விட்டுவிட்டு வரும் கோடு. அவர் முந்தின வாரம் படத்தை வைத்துப் போட்டிருந்த கோடு முழுக்க விட்டுவிட்டு வந்தது. மூன்று நாள் நடையில் அதில் பாதிக்கும் மேல் அழித்து, நகர்த்தி, முழுக்கோடாக ஆக்கியிருந்தார். அன்றைய கிணறுகளை வைத்து இன்னும் ஒரு துண்டைக் கிழக்கே தள்ளினார்.

நடுவில் ஓர் இடம் மட்டும் மிச்சம். அங்கே ஒரு கோழிப்பண்ணை. மதியம் கேட்டில் போய் நின்றபோது காவலாளி விடவில்லை. வெளியாட்கள் உள்ளே வந்தால் கோழிக்கு நோய் ஒட்டும், முதலாளி திட்டுவார். பண்ணைக்குள் கிணறு இருக்கிறதா என்று மட்டும் கேட்டோம். இருக்குதாம். வெட்டும்போது என்ன கல் வந்தது என்று கேட்டோம். அவர் இந்தப் பக்கத்துக்காரர் இல்லை, வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

மாணவி அந்த 400 மீட்டரை விட்டுவிட்டு வரும் கோடாகவே வைத்துவிட்டு, பென்சிலைச் சீவினார்.